துணி மூட்டையும் ஒப்பந்தப்புள்ளியும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும், மேலே வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் பிள்ளைகள் விலையில்லாச் சீருடையில் வரிசையாக நிற்கிறார்கள். அந்தச் சட்டையை அரசு கொடுத்தது என்று எல்லோருக்கும் தெரியும். யார் தைத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது.

தைத்தவர்கள் பெண்கள். சமூக நலத்துறையின் கீழ் மாவட்டந்தோறும் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். சங்கத்திலிருந்து துணிக் கட்டை வாங்கி, பேருந்திலோ பிள்ளையின் சைக்கிளிலோ வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலுக்கும் சாமத்துக்கும் இடையில் தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து, எண்ணி மடித்துத் திருப்பிக் கொடுப்பவர்கள். இந்தக் கணக்கில் வாங்குவது அரசு, உழைப்பது பெண். ஆனால் நம் பேச்சில் 'அரசு ஒப்பந்ததாரர்' என்றதும் கண்முன் வருவது வெள்ளைச் சட்டையும் பெரிய வண்டியும் கொண்ட ஓர் ஆண்தான். தைக்கும் பெண்ணை அந்தப் பெயரால் யாரும் அழைப்பதில்லை. ஏன் அழைப்பதில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

வாங்குபவர் யார், விற்பவர் யார்?

நாட்டிலேயே பெரிய வாடிக்கையாளர் அரசுதான். அரிசியும் பருப்பும், மேசையும் நாற்காலியும், மருந்தும் போர்வையும், சாலையும் கட்டடமும், விடுதிச் சாப்பாடும் துப்புரவு வேலையும் அரசு காசு கொடுத்து வாங்குபவை. அந்தக் காசு நம் எல்லோருடைய வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் பெண்ணும் அதில் பங்கு கட்டியிருக்கிறாள். ஆகவே அரசு யாரிடம் வாங்குகிறது என்பது, பொதுப்பணம் எந்த வீட்டு அடுப்பை எரியவைக்கிறது என்கிற கேள்வி.

வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் இடஒதுக்கீடு பற்றி நூறாண்டுகளாகப் பேசிவருகிறோம். ஒப்பந்தங்களில் பங்கு பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் அந்தப் பேச்சும் பழையதுதான். 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், தாழ்த்தப்பட்டோரின் குறைகளைத் தொகுத்து லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனு கொடுத்தார். கல்வி, பதவி ஆகியவற்றோடு அரசு ஒப்பந்தங்களும் அதில் தனிக் குறையாக இடம்பெற்றன. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்களில் தாழ்த்தப்பட்டவர் ஒரே ஒருவர்தான் என்று அவர் சுட்டிக்காட்டினார். கல் உடைத்தவர்களிலும் மண் சுமந்தவர்களிலும் அவர்களுக்குக் குறைவே இருந்திருக்காது. கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை.

அந்தக் குறை அரசு ஆணையாக மாற எழுபது ஆண்டுகள் ஆயின. 2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிஞர்களும் செயல்பாட்டாளர்களும் வெளியிட்ட போபால் பிரகடனம், அரசுக் கொள்முதலில் பங்கு வேண்டும் என்று மீண்டும் கேட்டது. அதன்பின் மத்தியப் பிரதேச அரசு தன் கொள்முதலில் ஒரு பகுதியைப் பட்டியல் சாதி, பழங்குடி வணிகர்களிடம் வாங்க முடிவெடுத்தது. 2006இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் 2012இல் மத்திய அரசின் கொள்முதல் கொள்கை ஆணை பிறந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும்; அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் நடத்தும் நிறுவனங்களுக்கு என்றது அந்த ஆணை.

பெண்கள்? 2012இன் ஆணையில் பெண்களுக்கென்று ஓர் எண்கூட இல்லை. 2018 நவம்பரில் மொத்த இலக்கை 25 விழுக்காடாக உயர்த்தியபோதுதான், பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடு என்ற வரி சேர்ந்தது. மக்கள்தொகையில் பாதிக்கு நூற்றில் மூன்று! முதல் சில ஆண்டுகளில் அந்த மூன்றைக்கூட எட்ட முடியவில்லை. பழங்குடி, பட்டியல் சாதியினருக்கான நான்கும் எட்டாத கனியாகவே நின்றது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்கா 1994இல் பெண்களின் சிறுதொழில்களுக்குக் கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களில் 5 விழுக்காடு என்று இலக்கு வைத்தது. அதை முதன்முதலாக எட்டியது 2015ஆம் நிதியாண்டில். கென்யா அரசுக் கொள்முதலில் 30 விழுக்காட்டைப் பெண்கள், இளைஞர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கியது. எண்ணை எழுதுவது எளிது, அந்த எண்ணுக்குள் பெண்கள் நுழைவதற்கான வாசலைத் திறப்பதுதான் கடினம் என்பதை எல்லா நாடுகளும் தத்தம் வழியில் கற்றுக்கொண்டிருக்கின்றன.

மலைமேல் ஒரு பழைய ஒப்பந்தம்

கல்வராயன் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மேற்கு எல்லையில் நிற்கும் இந்த மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலைக்காரர் என்கிற பொருளில் வந்த பெயர்.

நாடு விடுதலை பெற்ற பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்த மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். குடிகள் வரி கட்டினார்கள். விளைச்சலில் பங்கு கொடுத்தார்கள். கூலியில்லா வேலையும் செய்தார்கள். 1976இல்தான் அரசு ஜாகீர்களைக் கையகப்படுத்தியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். இந்த இரண்டும் ஒரே ஆண்டில் நடந்ததை மலைப்பெண்ணின் பக்கம் நின்று வாசித்துப் பாருங்கள். அதுவரை அவளுடைய உழைப்பு விலை பேசப்படவே இல்லை. விலை பேச உரிமை இல்லாதவர் ஒப்பந்தக்காரர் ஆவது எப்படி?

ஜாகீர் போன இடத்தில் வனத்துறையும் குத்தகைதாரரும் இருந்தார்கள். கடுக்காய், புளி, தேன் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்துக் காயவைத்துச் சுமப்பதில் பெண்களின் கை அதிகம். தோல் பதனிடக் கடுக்காய்க்கு எப்போதும் கேட்பு உண்டு. ஆனால் காட்டுப்பொருள் சேகரிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர் வேறு. இடைத்தரகரை விலக்குவதற்கென்றே எழுபதுகளில் நாடெங்கும் பழங்குடிகளுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், அதாவது 'லேம்ப்' சங்கங்கள், தொடங்கப்பட்டன. கல்வராயன் மலைக்கும் அது வந்தது. கடனும் ரேஷனும் காட்டுப்பொருள் கொள்முதலும் ஒரே கூரையின் கீழ் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் குடும்பத்தலைவரின் பெயர் இருந்தது. பொறுக்கியவளின் பெயர் இருப்பது அரிது.

2006இன் வன உரிமைச் சட்டம் இதில் இரண்டு திருப்பங்களைக் கொண்டுவந்தது. சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை காட்டில் வாழும் மக்களுக்கே என்றது. மணமானவர்களுக்கு வழங்கும் வன உரிமைப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது. கூட்டாகப் பெயர் பதிவது நமக்குச் சிறிய செய்தியாகத் தெரியலாம். மலைப்பெண்ணுக்கு அது பெரிய செய்தி. ஏனென்றால் இந்துப் பெண்களுக்குச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் அவளுக்குப் பொருந்தாது. தமிழ்நாடு 1989இல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்து நாட்டுக்கு வழிகாட்டியது என்று பெருமைப்படுகிறோம். ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு பட்டியல் பழங்குடியினரை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறது. இதைத் திருத்துவது பற்றி ஆராயும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2025 ஜூலையில், ஒரு கோண்டு குடும்பத்தின் வழக்கில், பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்குப் பங்கு மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

சொத்துரிமைக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன தொடர்பு? ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யப் போனால் கேட்கும் முதல் தாள்களில் ஒன்று 'சால்வன்சி' எனப்படும் சொத்து மதிப்புச் சான்று. நிலமும் வீடும் அப்பா பெயரிலோ கணவன் பெயரிலோ இருக்கும்போது அந்தத் தாளில் அவள் எதைக் காட்டுவாள்?

தையல் சங்கம் தந்ததும் தராததும்

சமவெளிக்கு இறங்கினால் வேறொரு வரலாறு. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு 1985 முதல் இலவசச் சீருடை. கைத்தறி, விசைத்தறிச் சங்கங்கள் நெய்த துணி. மகளிர் தையல் சங்கங்களின் தையல். பின்னாளில் ஆண்டுக்கு ஒன்று என்பது நான்கு இணையாக உயர்ந்தது. ஏழைப் பெண்கள், கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள் எனப் பலர் இந்தச் சங்கங்களில் உறுப்பினர்கள். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் பிறந்தது. 1989இல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1997-98இல் மகளிர் திட்டம் விரிந்தது.

இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பெருந்தொழிற்சாலை ஒன்றுக்குப் போயிருக்கக்கூடிய ஓர் ஆர்டரைப் பல்லாயிரம் வீட்டுத் தையல் எந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது ஓர் அரசியல் முடிவு. விலைப்போட்டியில் விட்டிருந்தால் அந்தப் பெண்கள் முதல் சுற்றிலேயே தோற்றிருப்பார்கள். அரசு நினைத்தால் பெண்களிடம் நேரடியாக வாங்க முடியும் என்பதற்கு நாற்பதாண்டுச் சான்று இது.

ஆனால் எல்லையும் இருக்கிறது. என்ன தைப்பது, எத்தனை தைப்பது, ஒரு சட்டைக்கு என்ன கூலி என்பதையெல்லாம் முடிவு செய்வது அரசாணை. உறுப்பினர் என்ற பெயர் அவளுக்கு உண்டு. விலையைச் சொல்லும் உரிமை இல்லை. வேலை ஆண்டின் சில மாதங்களில் குவியும், மற்ற மாதங்களில் எந்திரம் தூங்கும். இருபது ஆண்டு தைத்த பின்னும், 'இன்ன அளவு சரக்கை அரசுக்கு வழங்கிய அனுபவம் உண்டு' என்று அவள் பெயரில் ஒரு சான்று கிடையாது. அனுபவம் சங்கத்தின் கணக்கில் ஏறுகிறது. அவளுக்கு மிஞ்சுவது முதுகுவலி.

நாம் தையல்காரியை 'பயனாளி' என்று எழுதிப் பழகிவிட்டோம். அவள் அரசுக்குச் சரக்கு வழங்குபவள். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நம் சண்டை இருக்கிறது.

பெண்கள் பெயரில் யாரோ

2004 அக்டோபர் 7 அன்று, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது. அங்கன்வாடிகளுக்குச் சத்துணவு வழங்க ஒப்பந்ததாரர்களைப் பயன்படுத்தக் கூடாது. கூடியவரை கிராம சமூகங்கள், சுயஉதவிக் குழுக்கள், மகளிர் மன்றங்கள் வழியாகவே அந்தப் பணம் செலவாக வேண்டும். நாடெங்கும் சமைக்கவும் அரைக்கவும் தெரிந்த பெண்களுக்கு ஒரு பெரிய கதவு திறந்தது.

அந்தக் கதவுக்குள் வேறு ஆட்கள் நுழைந்தார்கள். மகாராஷ்டிரத்தில் மகளிர் மன்றம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் பெரிய ஒப்பந்ததாரர்கள் இயங்குவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பிறகு டெண்டர் நிபந்தனைகளே சிறு குழுக்களை வடிகட்டிவிடும் அளவுக்கு எழுதப்பட்டன. அந்த மாநிலத்தின் மகளிர் சேமிப்புக் குழுக்கள் வழக்காடி, 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த டெண்டரை ரத்துச் செய்ய வைத்தன.

இந்த வழக்கு நமக்குக் கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. ஒரு டெண்டரில் யார் வெல்வார் என்பது பெரும்பாலும் விலைக்கவர் திறக்கும் நாளில் முடிவாவதில்லை. நிபந்தனைகளை எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. 'மூன்று ஆண்டுகளில் இத்தனை கோடி வரவுசெலவு', 'மாவட்டம் முழுதும் ஒரே ஒப்பந்தம்' என்கிற இரண்டு வரிகள் போதும், குழுக்கள் வாசலிலேயே நின்றுவிடும். அதே வேலையை ஒன்றியவாரியாகப் பிரித்துக் கேட்டால் உள்ளே வந்துவிடும்.

பெயரை இரவல் கொடுக்கும் வழக்கம் நம் ஊரிலும் அந்நியமானதல்ல. ஊராட்சித் தலைவியின் கணவன் தலைவராக நடப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம். மனைவி பெயரில் நிறுவனம், கணவன் கையில் காசோலைப் புத்தகம் என்றால், அந்த 3 விழுக்காடும் அவன் பைக்கே போகும். பெண் பெயரில் கடன் நிலுவையும் வரி நோட்டீசும் மட்டும் வரும்.

வாசலில் நிற்கும் தாள்கள்

கல்வராயன் மலைப்பெண் ஒருத்தி சாமை, தினை மாவு தயாரித்து அரசு நிறுவனம் ஒன்றுக்கு விற்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பழங்குடியினருக்கான 4 விழுக்காட்டுக்கும் பெண்களுக்கான 3 விழுக்காட்டுக்கும் அவளுக்குத் தகுதி உண்டு. முதலில் சாதிச் சான்று வேண்டும். பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு எத்தனை நடை என்பதை மலைக்காரர்களிடம் கேளுங்கள். ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி.

பிறகு பான் அட்டை, வங்கிக் கணக்கு, உத்யம் பதிவு, உணவுப்பொருள் என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் அல்லது பதிவு. டெண்டர்கள் இணையத்துக்குப் போய்விட்டன. கைபேசிக் கோபுரம் எட்டாத ஊரில் மின்னணுக் கையொப்பம் கேட்கிறார்கள். முன்வைப்புத் தொகை இன்னொரு பயம். எல்லாம் தாண்டிச் சரக்கை அனுப்பினால் பணம் எப்போது வரும் என்பது பெரும்பயம். பெரிய நிறுவனம் ஆறு மாதம் தாங்கும், குழு ஆறு வாரத்தில் கந்துவட்டிக்குப் போகும்.

இந்தப் பயங்களில் சிலவற்றுக்குச் சட்டத்தில் பதில் உண்டு. பெண்களுக்குச் சொல்லப்படாத பதில்கள் அவை:

உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது தரகு. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு மத்திய அரசுக் கொள்முதலில் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு.

குறு, சிறு நிறுவனத்தின் விலை, மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாக இருந்தாலும், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவரச் சம்மதித்தால் ஆர்டரில் ஒரு பகுதியைப் பெறலாம்.

பெண் நிறுவனம் என்றால் தனியுரிமையில் உரிமையாளர் பெண்ணாக இருக்க வேண்டும்; கூட்டாண்மையிலும் நிறுமத்திலும் குறைந்தது 51 விழுக்காடு பெண்களிடம் இருக்க வேண்டும்.

சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வசூலுக்கு மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம்.

இதெல்லாம் மத்திய அரசுக்கும் அதன் பொதுத்துறைக்கும் சரக்கு, சேவை விற்பவர்களுக்கானது. வட்டி பற்றிய விதி மட்டும் எல்லா வாங்குநருக்கும் பொருந்தும். சாலை, கட்டடம் போன்ற பணி ஒப்பந்தங்களும், வாங்கி விற்கும் வணிகமும் 2012 ஆணைக்குள் வருவதில்லை. மாநில அரசின் கொள்முதல் 1998இன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கிறது. சிறுதொழில்களுக்கு அங்கும் சலுகைகள் உண்டு. ஆனால் பெண்களுக்கென்று நடுவணரசு வைத்ததுபோல ஓர் இலக்கை மாநிலமும் வைக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. மானியத்தில் எந்திரம் வந்துவிடும். அந்த எந்திரம் ஓட ஆர்டர் வேண்டாமா?

கருணாபுரத்துக்குப் பிறகு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைக் கேள்விக்குள்ளாக்கியது. மலையில் ஏன் சாராயம் காய்ச்சப்படுகிறது என்று கேட்டால், வேறு பிழைப்பு இல்லை என்ற பதில் எப்போதும் வருகிறது. அந்தப் பதிலுக்கு நாம் தரும் மாற்று என்ன? ஆடு, மாடு, பயிற்சி வகுப்பு, ஒரு சான்றிதழ். பயிற்சி முடிந்த பெண் தைத்ததை, அரைத்ததை யார் வாங்குவார் என்ற கேள்விக்கு வருவதற்குள் திட்டம் முடிந்துவிடுகிறது.

வாங்குபவர் அதே மலையில் இருக்கிறார். பழங்குடி நல உண்டுறைவிடப் பள்ளிகள், விடுதிகள், அங்கன்வாடிகள், ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் அங்கேயே உள்ளன. அவற்றுக்குத் தானியமும் போர்வையும் பாயும் சீருடையும் வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். மலையில் விளையும் சாமையை மலைப்பிள்ளையின் தட்டுக்கு, மலைப்பெண்களின் நிறுவனமே வழங்கட்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

அம்பேத்கரின் மனு வெறும் முறையீடாக நின்றுவிடவில்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டது. நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கடந்த ஆண்டு எத்தனை ஒப்பந்தங்கள், எத்தனை பெண்கள் பெயரில், எத்தனை பழங்குடியினர் பெயரில்? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மாணவி கேட்டுவிடக்கூடிய கேள்வி. பதில் வந்ததும் அதை மகளிர் குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும்.

அடுத்த ஜூனில் பிள்ளை புதுச் சட்டையைப் போட்டு நிற்கும்போது காலரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கடையில் வாங்கிய சட்டைக்கு அங்கே ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். இந்தச் சட்டைக்கும் ஒரு பெயர் உண்டு. அதை இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.